தாக்கம் வந்த வாரத்தில் எடுத்த ஜி6பிடி பரிசோதனை "இயல்பு" என்று வந்தால் நம்பலாமா?

வைகறை (இழையைத் தொடங்கியவர்)

அவையோருக்கு வணக்கம். என் அக்காள் மகனுக்கு நான்கு வயது. சென்ற மாதம் அவனுக்குச் சளியோடு கூடிய காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் காலையில் அவன் சிறுநீர் கழித்த பாத்திரத்தைப் பார்த்து அக்காள் பதறிப்போனாள். அது பாலில்லாத காப்பியின் நிறத்தில் இருந்தது. மாலைக்குள் கண்கள் மஞ்சளாகி, உதடுகள் வெளிறி, இரண்டு படி ஏறுவதற்குள் குழந்தைக்கு மூச்சு இரைத்தது. மருத்துவமனையில் சேர்த்தபோது ஹீமோகுளோபின் 5.8. சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன என்று அன்றே சொல்லிவிட்டார்கள். காரணத்தைத் தேடிப் பல பரிசோதனைகள் எடுத்தார்கள். அவற்றுள் ஜி6பிடி (குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ்) என்னும் சிவப்பணு நொதிக்கான பரிசோதனையும் ஒன்று. அது "இயல்பு" என்று வந்ததால், பரம்பரைக் குறைபாடு ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

என் மனம் இதை ஏற்க மறுக்கிறது. ஏழு வயதில் எனக்கும் ஏறத்தாழ இப்படியே வந்து, காமாலை என்ற பெயரில் மூன்று வாரம் படுத்துக் கிடந்தேன். கறுத்த சிறுநீர் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. தாய்மாமனுக்கு வந்ததே மருமகனுக்கும் வரும்போது அதைத் தற்செயல் என்று எப்படித் தள்ளுவது? பரிசோதனை தவறியிருக்கக்கூடுமா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஆய்வகக் கண்

அந்தக் குழாயில் இருந்த இரத்தத்தைப் பொறுத்தவரை முடிவு சரியாகவே இருக்கலாம். குழாயில் இருந்தது யாருடைய இரத்தம், அதிலிருந்த அணுக்களுக்கு எத்தனை நாள் வயது என்பவற்றைத்தான் விசாரிக்க வேண்டும். ஆகவே எனக்கு மூன்று தகவல்கள் தேவை. இரத்தம் ஏற்றினார்களா, ஏற்றினார்கள் என்றால் எந்த நாளில்? ஜி6பிடிக்கு இரத்தம் எடுத்தது எந்த நாளில்? அந்த வாரத்தில் ரெட்டிகுலோசைட் (புதிதாக வந்த இளம் சிவப்பணு) எண்ணிக்கை பார்த்திருந்தால் அது எவ்வளவு?

வயதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, புரதம் செய்யும் ரைபோசோம்கள் கிடையாது, மைட்டோகாண்டிரியாவும் கிடையாது. எலும்பு மச்சையை விட்டுக் கிளம்பும்போது கட்டிக்கொண்டு வந்த நொதிகளை வைத்துக்கொண்டே அது சுமார் 120 நாள் பயணத்தை முடித்தாக வேண்டும். கட்டுச்சோற்று மூட்டையோடு புறப்பட்டவன் வழியில் உலை வைக்க முடியாத நிலை அது. குறைபாடில்லாதவரின் அணுவில் ஜி6பிடியின் செயல்திறன் பாதியாகக் குறைய ஏறத்தாழ 62 நாள் ஆகிறது. ஏ-மைனஸ் என்னும் மாற்றுவகையை உடையவரிடம் அதே சரிவு 13 நாளில் நிகழ்ந்துவிடுகிறது. அதாவது, இத்தகையவரிடம் புதிதாகப் பிறந்த அணுவில் நொதி ஓரளவு இருக்கத்தான் செய்கிறது. அது சீக்கிரம் ஊசிப்போகிறது. ஆதலால் இந்தக் குறைபாட்டைப் பற்றி எதைக் கேட்டாலும் அணுவின் வயதைக் கேட்காமல் விடை சொல்ல முடிவதில்லை.

ஐயவினா

ஒரு நொதி ஊசிப்போவதால் அணு ஏன் உடைய வேண்டும்? சிவப்பணுவுக்கு ஆற்றல் தருவது குளுக்கோஸை உடைக்கும் கிளைக்கோலிசிஸ் என்றும், அதில் ஜி6பிடிக்கு இடமில்லை என்றும் படித்திருக்கிறேன். மேலும், இக்குறைபாடு உடையவர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரு தொந்தரவும் இல்லாமல் வாழ்வதாகவும் சொல்கிறார்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும்?

செந்நீர்

நீங்கள் படித்தது சரி. ஆற்றலுக்கும் இந்த நொதிக்கும் நேரடித் தொடர்பில்லை. பைருவேட் கைனேஸ் என்னும் வேறொரு நொதி குறைந்தால்தான் ஆற்றல் தட்டுப்பாடு வந்து, அணுக்கள் ஓயாமல் சிறுகச் சிறுக அழியும். ஜி6பிடியின் வேலை தற்காப்பு.

சிவப்பணு எடுத்துக்கொள்ளும் குளுக்கோஸில் பெரும்பங்கு கிளைக்கோலிசிஸுக்குப் போகிறது; அமைதியான வேளையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ பென்டோஸ் பாஸ்பேட் வழி என்னும் கிளைப் பாதையில் திரும்புகிறது. அந்தக் கிளையின் வாசலில் நிற்கும் நொதிதான் ஜி6பிடி. அது குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டை மாற்றும்போது என்ஏடிபி என்னும் மூலக்கூறு என்ஏடிபிஎச் ஆகிறது. என்ஏடிபிஎச்-ஐக் கொண்டு குளூட்டதயோன் ரிடக்டேஸ் என்னும் நொதி, பயன்பட்டுத் தீர்ந்த குளூட்டதயோனை மீண்டும் பயன்படும் வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. மீண்ட குளூட்டதயோன் ஹைட்ரஜன் பெராக்சைடை வெறும் நீராக்குகிறது. பெராக்சைடை அழிக்கும் மற்றொரு நொதியான கேட்டலேஸும் செயலிழந்து போகாமல் இருக்க என்ஏடிபிஎச்-ஐயே நம்பியிருக்கிறது. உடலின் பிற செல்களுக்கு என்ஏடிபிஎச் செய்துகொள்ள வேறு வழிகளும் உண்டு, தேய்ந்த நொதியைப் புதிதாகச் செய்துகொள்ளவும் முடியும். சிவப்பணுவுக்கோ இந்த ஒரு பாதைதான். உடல் முழுவதும் இருக்கும் ஒரு மரபணுப் பிழை இரத்தத்தில் மட்டும் வெளிப்படுவது ஏன் என்பதற்கு இதுவே விடை.

தாக்குபவர் யார் என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆக்சிஜனைச் சுமப்பதே அதன் தொழில் என்பதால் எதிரி எப்போதும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். ஹீமோகுளோபினில் ஒரு சிறு பங்கு நாள்தோறும் தானாகவே ஆக்சிஜனேற்றம் அடைந்து, ஆக்சிஜனைச் சுமக்க இயலாத மெத்ஹீமோகுளோபின் ஆகிறது. அப்போது சூப்பராக்சைடும், அதிலிருந்து பெராக்சைடும் பிறக்கின்றன. இந்த அன்றாடக் கசிவை அடைக்கக் குறைபாடுள்ள அணுவிடம் எஞ்சியிருக்கும் நொதியே போதும். ஆண்டுக்கணக்கில் தொந்தரவில்லாமல் வாழ்வது அதனால்தான். தாக்குதல் மிகும்போது நலமான அணு கிளைப் பாதையின் ஓட்டத்தைப் பல மடங்கு பெருக்கிக்கொள்ளும். குறைபாடுள்ள அணுவுக்குப் பெருக்கிக்கொள்ள இருப்பு இல்லை. குளூட்டதயோன் தீர்ந்த அணுவில் ஹீமோகுளோபினின் கந்தகப் பிணைப்புகள் மாறி, அந்தப் புரதம் திரிந்து, கட்டிகளாகி, அணுவின் சவ்வில் உட்புறமாக ஒட்டிக்கொள்கிறது.

ஓர் இடைக்குறிப்பு. மெத்ஹீமோகுளோபினைத் திருப்பிச் சரிசெய்யும் அன்றாட வேலை என்ஏடிஎச் என்னும் வேறொரு மூலக்கூறைச் சார்ந்தது, என்ஏடிபிஎச்-ஐச் சார்ந்ததன்று. பெயரில் ஓரெழுத்து வேறுபாடுதான், ஆனால் மருத்துவ மாணவர்கள் பலர் வழுக்கி விழும் இடம் இது. மெத்ஹீமோகுளோபின் மிகும்போது கொடுக்கும் மெத்திலீன் நீலம் வேலை செய்வதற்கு மட்டும் என்ஏடிபிஎச் தேவை. எனவே ஜி6பிடி குறைந்தவருக்கு அந்த மருந்து பலன் தராததோடு, அதுவே அணுக்களை உடைக்கவும் செய்யும்.

ஆய்வகக் கண்

செந்நீர் சொன்ன கட்டிகளை நான் நேரில் பார்த்தவன். 1890இல் ராபர்ட் ஹைன்ஸ் விவரித்ததால் அவற்றுக்கு ஹைன்ஸ் துகள்கள் என்று பெயர். வழக்கமான சாயத்தில் அவை கண்ணுக்குப் படா. உயிருள்ள இரத்தத் துளியோடு மெத்தில் வயலட் கரைசலைக் கலந்து சிறிது நேரம் வைத்துப் பார்த்தால், வெளிர்நிறத் தட்டு போன்ற அணுவின் ஓரத்தில் கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றிரண்டு புள்ளிகள், விளிம்பிலிருந்து பிதுங்குவது போல ஒட்டிக்கொண்டிருக்கும். காலையில் அணுவுக்கு அணு புள்ளி கண்ட அதே நோயாளியிடம், இரண்டு நாள் கழித்துத் தேடித் தேடிப் பார்த்தும் ஒன்றும் கிடைக்காமல் போனதுண்டு.

காணாமல் போவதன் காரணம் மண்ணீரல். அதன் இடுக்குகள் அணுவைவிடக் குறுகியவை. நலமான அணு நெளிந்து வளைந்து புகுந்துவிடும், துகள் ஒட்டிய இடமோ வளையாது. அங்கே காத்திருக்கும் விழுங்கணுக்கள் துகளோடு சேர்த்துச் சவ்வையும் பிய்த்துக்கொள்கின்றன. தப்பி வரும் அணு ஓரத்தில் கடிபட்ட தோற்றத்தோடு இருக்கும். சாதாரண இரத்தப் பூச்சிலேயே அதைக் காணலாம். ஹீமோகுளோபின் ஒரு பக்கமாக ஒதுங்கி, மறுபக்கம் வெறும் சவ்வாக நிற்கும் அணுக்களும் கூடவே தென்படும். கடிபட்டவை அடுத்த சுற்றில் மாட்டிக்கொள்ளும். சில இரத்தக் குழாய்க்குள்ளேயே வெடித்துவிடும். அப்படி வெளியேறும் ஹீமோகுளோபினைக் கட்டிவைக்கும் ஹாப்டோகுளோபின் தீர்ந்தவுடன் மிச்சம் சிறுநீரகத்தின் வழியே இறங்குகிறது. உங்கள் அக்காள் பாத்திரத்தில் பார்த்த நிறம் அதுதான்.

வைகறை

கேட்ட தகவல்களை அக்காளிடமிருந்த தாள்களில் தேடி எடுத்தேன். சேர்த்த மறுநாள் இரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். ஏற்றிய பின் ஹீமோகுளோபின் 9.6 ஆக உயர்ந்திருக்கிறது. ஜி6பிடி பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தது அதற்கு நான்கு நாள் கழித்து. ரெட்டிகுலோசைட் 11 விழுக்காடு என்று உள்ளது. பரிசோதனை முறை என்ற இடத்தில் "ஒளிர்புள்ளி முறை" என்று எழுதியிருக்கிறார்கள். முதலிலேயே இரத்தம் ஏற்றியதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. அதற்கும் இதற்கும் தொடர்பிருக்கும் என்று தோன்றவில்லை.

ஆய்வகக் கண்

உங்கள் பிழை ஒன்றுமில்லை. பரிசோதனைச் சீட்டை நிரப்பியவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5.8இலிருந்து 9.6க்கு ஏறியது 3.8. ஆகவே ஏற்றிய பின் குழந்தையின் உடலில் இருந்த ஹீமோகுளோபினில் ஏறத்தாழ 40 விழுக்காடு கொடையாளருடையது. கொடையாளருக்குக் குறைபாடு இல்லை என்று கொள்ளுங்கள். குழந்தையின் சொந்த அணுக்களில் நொதி சிறிதும் இல்லாவிட்டால்கூட, கலந்த இரத்தத்தில் 40 விழுக்காட்டை ஒட்டிய செயல்திறன் இருக்கும். இடைப்பட்ட நான்கு நாளில் இந்தப் பங்கு சற்று மாறியிருக்கலாம், ஆனால் வாதம் மாறாது. ஒளிர்புள்ளி முறையில் இரத்தத்தை வினைப்பொருளோடு கலந்து வடிதாளில் புள்ளியாக வைத்துப் புறஊதா விளக்கின் கீழ் பார்ப்போம். என்ஏடிபிஎச் பிறந்திருந்தால் புள்ளி ஒளிரும். அந்த முறை நம்பகமாகப் பிடிப்பது செயல்திறன் சுமார் 30 விழுக்காட்டுக்குக் கீழே போனவர்களை மட்டுமே. 40 விழுக்காடு உள்ள புள்ளி நன்றாகவே ஒளிரும், பார்த்தவர் "இயல்பு" என்றுதான் எழுதுவார். கொடையாளரின் நொதியைச் சோதித்துக் குழந்தைக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள்.

போதாக்குறைக்கு ரெட்டிகுலோசைட் 11 விழுக்காடு. இவை இப்போதுதான் மச்சையிலிருந்து வந்த இளம் அணுக்கள், நொதி மிகுந்தவை. நொதி குறைந்த முதிய அணுக்கள் ஏற்கெனவே அழிந்து போயின. மிஞ்சி நிற்பவர்களை மட்டும் எண்ணினால் ஊரில் எல்லோரும் நலம் என்றுதான் கணக்கு வரும்.

பழைய ஏடு

"மிஞ்சி நிற்பவர்கள்" என்றதும் இந்தக் கண்டுபிடிப்பின் கதை நினைவுக்கு வருகிறது. பொருளோடு ஒட்டியது என்பதால் சொல்கிறேன். பாமாகுவின் என்னும் மலேரியா மருந்தை உட்கொண்ட சிலருக்கு இரத்தம் அழிவது 1920களிலேயே தெரிந்திருந்தது. அதன் உறவான பிரைமாகுவினை அமெரிக்காவில் இலினாய் மாநிலத்து ஸ்டேட்வில் சிறையின் கைதிகளிடம் சோதித்தார்கள். அவர்கள் தாமே முன்வந்தவர்கள் என்றே பதிவுகள் சொல்கின்றன. சிறைக்குள் இருப்பவரின் சம்மதத்துக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி பின்னாளில் எழுந்தது, எழவேண்டியதுதான்.

அங்கே செய்த ஆய்வு மிக நேர்த்தியானது. மருந்தால் பாதிக்கப்படுபவரின் அணுக்களைக் கதிரியக்கக் குரோமியத்தால் அடையாளமிட்டுப் பாதிக்கப்படாதவரின் உடலில் ஏற்றிப் பிரைமாகுவின் கொடுத்தார்கள்; அடையாளமிட்ட அணுக்கள் அழிந்தன. பாதிக்கப்படாதவரின் அணுக்களை மாற்றி ஏற்றியபோது அவை அழியவில்லை. ஆக, குற்றம் கல்லீரலிலோ மண்ணீரலிலோ இல்லை, அணுவுக்குள்தான் என்பது 1954இல் உறுதியாயிற்று. பிறகு கதிரியக்க இரும்பைக் கொண்டு அணுக்களுக்கு வயதுக் குறி இட்டுப் பார்த்தார்கள். மூன்று வாரத்துக்கு உட்பட்ட அணுக்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. இரண்டு மாதம் கடந்தவை விரைவாக அழிந்தன. மருந்தை அதே அளவில் நாள்தோறும் தொடர்ந்தும் சில நாட்களில் அழிவு தானே நின்று, ஹீமோகுளோபின் ஏறத் தொடங்கியது. அழியக்கூடிய கிழ அணுக்கள் தீர்ந்துவிட்டன என்பதே அதன் பொருள். எந்த நொதி என்பதை 1956இல் கார்சன், ஆல்விங் குழுவினர் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள்.

செந்நீர்

அருமையான வரலாறு, ஆனால் ஓர் எச்சரிக்கையைச் சேர்க்காவிட்டால் தவறான பாடமாகிவிடும். அழிவு தானே நிற்பது ஏ-மைனஸ் போன்ற மிதமான மாற்றுவகைகளில்தான். மத்தியதரைக்கடல் வகை என்று வழங்கும் மாற்றுவகையில் நொதி அணுவின் இளமையிலேயே ஏறக்குறைய வற்றிவிடுவதால், இளம் அணுக்களும் தப்புவதில்லை. மருந்தைத் தொடர்ந்தால் அழிவும் தொடரும். இதே காரணத்தால், ரெட்டிகுலோசைட் மிகுந்திருப்பது மட்டுமே கடுமையான குறைபாட்டை "இயல்பு" என்று காட்டிவிடாது. மிதமான வகைகளில்தான் அந்த ஏமாற்று நடக்கும். இந்தக் குழந்தையின் விஷயத்தில் கொடையாளரின் இரத்தமே முதல் குற்றவாளி, இளம் அணுக்கள் இரண்டாம் குற்றவாளி என்று நான் கருதுகிறேன்.

இந்த மரபணுவில் இருநூறுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இதுவரை பதிவாகியுள்ளன. பெரும்பாலானவை ஓர் அமினோ அமிலம் இடம் மாறியவை. 515 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் ஓர் எழுத்துப் பிழை. நொதி அடியோடு இல்லாத நிலை மனிதரில் காணப்படுவதில்லை, அப்படி இருந்தால் கரு உயிர் தரிக்காது என்று கருதுகிறார்கள். நோயாளி ஒருவரிடம் "உங்களுக்கு ஜி6பிடி இல்லை" என்று சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சற்று உறுத்தும்.

கவனம் தேவை

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? காய்ச்சலுக்கு என்ன மாத்திரை கொடுத்தார்கள் என்று முதலில் பாருங்கள். பாராசிட்டமால் கொடுத்திருந்தால் அதுவே காரணம். என்னிடம் இருக்கும் தடைப் பட்டியலில் பாராசிட்டமால், ஆஸ்பிரின், குளோரோகுவின், வைட்டமின் சி, மொச்சை, பயறு வகைகள் அனைத்தும், சோயா, மருதாணி, அந்துருண்டை எல்லாம் உள்ளன. எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக விலக்கிவிட்டால் பயமில்லை.

செந்நீர்

இப்படிப்பட்ட பட்டியல்களால் படும் பாட்டை நாள்தோறும் பார்ப்பவன் என்ற முறையில் சற்று விரிவாகவே மறுக்க விரும்புகிறேன். அழிவு நடந்த வாரத்தில் நோயாளி எதையெல்லாம் உட்கொண்டாரோ அதெல்லாம் பட்டியலில் ஏறிவிடுகிறது. காய்ச்சல் கண்டவர் பாராசிட்டமால் எடுத்திருப்பார், அழிவும் வரும், பழி மாத்திரை மேல் விழும். உண்மையில் நோய்த்தொற்றே மிகப் பரவலான தூண்டுகோல்களில் ஒன்று. கிருமியோடு போரிடும் வெள்ளணுக்கள் பெராக்சைடு போன்ற ஆக்சிஜனேற்றிகளைக் கொட்டுகின்றன. அருகில் நிற்கும் சிவப்பணுக்களுக்கும் அந்தச் சூடு படுகிறது. வழக்கமான அளவில் பாராசிட்டமால் இவர்களுக்குப் பாதுகாப்பானது. குறைந்த அளவு ஆஸ்பிரினும், வழக்கமான அளவில் குளோரோகுவினும் பெரும்பாலானவர்களுக்கு அப்படியே. பட்டியலுக்கு அஞ்சிக் காய்ச்சலில் துவளும் குழந்தைக்கு மாத்திரை கொடுக்காமல் விடுவது நன்மையன்று.

உறுதியாக ஆபத்தானவை என்று சான்றுள்ளவை சிலவே: பிரைமாகுவின், டாஃபெனோகுவின், டாப்சோன், மெத்திலீன் நீலம், ராஸ்புரிகேஸ், பெக்லோட்டிகேஸ், நைட்ரோஃபியூரன்டாயின், ஃபெனசோபிரிடின். ராஸ்புரிகேஸைப் பாருங்கள், யூரிக் அமிலத்தை அது மாற்றும்போது ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு பெராக்சைடு பிறக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சையில் அவசரமாகக் கொடுக்கப்படும் மருந்து என்பதால், கொடுப்பதற்கு முன்பே ஜி6பிடி பார்க்க வேண்டும். பிரைமாகுவினைக்கூட முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. கல்லீரலில் ஒளிந்து மீண்டும் மீண்டும் தலைகாட்டும் வைவாக்ஸ் மலேரியாவுக்கு, மிதமான குறைபாடு உள்ளவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.75 மில்லிகிராம் வீதம் வாரம் ஒருமுறை, எட்டு வாரம், மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் கொடுக்கும் வழி உண்டு. இழந்த கிழ அணுக்களை ஈடுசெய்ய ஒவ்வொரு வேளைக்கும் இடையே மச்சைக்கு அவகாசம் கிடைக்கிறது. ஒரே வேளையில் முடிந்துவிடும் டாஃபெனோகுவினோ உடலில் வாரக்கணக்கில் தங்குவது. அழிவு தொடங்கினால் நிறுத்துவதற்கு வழியில்லை. அதனால் அதற்கு முன் செயல்திறனை அளந்து 70 விழுக்காட்டுக்குக் குறையவில்லை என்று காட்டியாக வேண்டும். புள்ளி ஒளிர்ந்தது என்பது அங்கே போதாது.

அந்துருண்டையைப் பற்றிய உங்கள் எச்சரிக்கை முற்றிலும் சரி. அதிலுள்ள நாஃப்தலீன் மூச்சின் வழியும் தோலின் வழியும் உட்புகும். அந்துருண்டையோடு பெட்டியில் கிடந்த துணியைச் சுற்றியதால் பச்சிளங்குழந்தைகளுக்கு அழிவு வந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. கைக்குழந்தைகளுக்கு மருதாணி பூசியபின் வந்தவையும் பதிவில் உண்டு.

கவனம் தேவை

மாத்திரை விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. ஆனால் அவரையை விலக்க வேண்டும் என்பது எல்லா இடத்திலும் இருக்கிறதே?

பழைய ஏடு

அது மொழிபெயர்த்தவர்கள் செய்த வேலை. விலக்க வேண்டியது ஃபாவா பீன்ஸ், அதாவது விசியா ஃபாபா என்னும் தாவரத்தின் விதை. அதற்கு ஈடாகச் சிலர் மொச்சை என்றும் சிலர் அவரை என்றும் எழுதிவிட்டார்கள். நாம் மொச்சை, அவரை என்று சொல்வது லேப்லேப் என்னும் வேறு இனம். ஃபாவாவில் விசின், கான்விசின் என்னும் இரு பொருள்கள் மிகுந்துள்ளன. குடலில் அவை டைவிசினாகவும் ஐசோயூரமிலாகவும் பிரிந்து, இரத்தத்தில் ஆக்சிஜனோடு வினைபுரிந்து பெராக்சைடை உண்டாக்குகின்றன. உண்டு ஓரிரு நாளில் கறுத்த சிறுநீர் வரும். பாலூட்டும் தாய் உண்டால் குழந்தைக்கும் வரலாம். பயறு வகை அனைத்தையும் தள்ளி வைக்கச் சான்று இல்லை.

பித்தாகரஸ் தம் மாணவர்களை அவரை உண்ணக்கூடாது என்று தடுத்தது இதனால்தான் என்று ஒரு கதை உலவுகிறது. நல்ல கதைதான்; ஊகத்துக்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

ஐயவினா

அணுவின் வயது என்னும் விளக்கத்தை ஏற்கிறேன். பரம்பரைக் கணக்கை யாராவது சொல்லுங்கள். வைகறைக்கும் அவருடைய மருமகனுக்கும் வந்தது என்றால், நடுவிலிருக்கும் அக்காளுக்கு ஏன் வரவில்லை? பெண்களுக்கு இது வராது என்பதும் பட்டியல்காரர்கள் கட்டியதுதானா?

மரபுக்கோடு

பாதி உண்மை. இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமின் நுனிப் பகுதியில் உள்ளது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே என்பதால் அதில் பிழையிருந்தால் எல்லா அணுக்களிலும் பிழை. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஆனால் 1961இல் மேரி லையான் முன்வைத்தபடி, ஒவ்வொரு செல்லிலும் இரண்டில் ஒன்று கருப்பருவத்திலேயே உறங்கவைக்கப்படுகிறது. எது உறங்கும் என்பது செல்லுக்குச் செல் வேறுபடும். அதனால் ஒரு பிழை எக்ஸ் உடைய பெண்ணின் இரத்தத்தில் முழு வலிமையுள்ள அணுக்களும் முழுக் குறைபாடுள்ள அணுக்களும் அருகருகே ஓடுகின்றன. எர்னஸ்ட் பியூட்லர் குழுவினர் 1962இல் இந்த நொதியைக் கொண்டே மனிதப் பெண்ணில் அந்தக் கலவையை மெய்ப்பித்தார்கள்.

இப்போது அக்காளின் புள்ளி ஒளிர்ந்தால் என்ன பொருள்? எல்லா அணுவும் பாதி பலத்தோடு இருக்கிறது என்பதன்று. பாதி அணுக்கள் முழுப் பலத்தோடும் மறு பாதி காப்பின்றியும் இருக்கலாம். தூண்டுகோல் வந்தால் அந்த மறு பாதி விழும். கலவையின் விகிதமும் பெண்ணுக்குப் பெண் மாறும். அரிதாக, ஆணைப் போலவே முழுக் குறைபாட்டோடு இருக்கும் பெண்களும் உண்டு. ஆகவே அக்காளுக்கு, செயல்திறனை எண்ணால் அளக்கும் அளவறி பரிசோதனையோ மரபணுப் பரிசோதனையோதான் பொருந்தும்.

வைகறை அவர்களுக்கு ஒரு யோசனை. குழந்தைக்கு மூன்று மாதமாவது காத்திருக்க வேண்டும், கொடையாளரின் அணுக்கள் முழுதும் நீங்க நான்கு மாதம் ஆனால் இன்னும் நல்லது. உங்களுக்குக் காத்திருப்பு தேவையில்லை. இரத்தம் ஏற்றவில்லை, அழிவும் நடக்கவில்லை, எக்ஸும் ஒன்றே. நாளையே கொடுத்துப் பாருங்கள். உங்களுக்குக் குறைபாடு இருந்தால் அது உங்கள் தாயின் வழி வந்தது. அதே எக்ஸ் அக்காளுக்கும் போயிருக்கச் சரிபாதி வாய்ப்பு.

நள்ளிரவுத் தாய்

இழையின் போக்கை மறிப்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பிறந்த மூன்றாம் நாள் என் மகனுக்குக் காமாலை மிகுந்து ஒளிச்சிகிச்சை அளித்தார்கள். பிறகு ஜி6பிடி குறைவு என்று தெரிந்தது. ஆனால் அவனுக்கு ஹீமோகுளோபின் குறையவே இல்லை. அணு உடையாமல் காமாலை எப்படி வரும்?

செந்நீர்

நல்ல கவனிப்பு, அம்மா. பச்சிளங்குழந்தைகளில் இது பலரையும் குழப்புவது. அங்கே அணு உடைவது சிறிதளவுதான். அணு உடையும்போது பிறக்கும் மஞ்சள் நிறமியான பிலிரூபினைக் கரையும் வடிவத்துக்கு மாற்றி வெளியேற்ற வேண்டிய கல்லீரலின் திறன் போதாமையே பெரும்பங்கு. கில்பர்ட் நிலை என்னும், அந்தத் திறனைக் குறைக்கும் மரபணு மாற்றமும் கூடவே இருந்தால் காமாலை மிகும். பிலிரூபின் அளவு கட்டுமீறினால் மூளையில் படிந்து நிலையான பாதிப்பை உண்டாக்கும் என்பதால்தான் உடனே ஒளிச்சிகிச்சை அளித்திருக்கிறார்கள், சரியாகவே செய்திருக்கிறார்கள். அவனுடைய மருத்துவக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே இதை எழுதி வையுங்கள்.

வைகறை

நான்கு மாதம் கழித்து வருகிறேன். இழை பூட்டப்படாமல் இருப்பது நல்லதாயிற்று.

மரபுக்கோடு சொன்ன அந்த வாரமே என் இரத்தத்தைக் கொடுத்தேன். அளவறி முறையில் எனக்கு இயல்பின் 9 விழுக்காடு. நாற்பது வயதுவரை இதை அறியாமலே எத்தனை மருந்துகளை விழுங்கியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். அக்காளுக்கு 52 விழுக்காடு. மருமகனுக்குச் சென்ற வாரம்தான் எடுத்தோம். இரத்தம் ஏற்றிய நாளையும் ரெட்டிகுலோசைட் எண்ணிக்கையையும் சீட்டில் நானே எழுதிக் கொடுத்தேன். ஆய்வகத்தில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, இதை யார் எழுதச் சொன்னார்கள் என்று கேட்டார். முடிவு 8 விழுக்காடு.

இனி ஒரு சந்தேகம் மட்டும். எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக எடுத்த மூன்று மாதச் சராசரி நன்றாகவே வந்திருக்கிறது. அதையாவது நம்பலாமா?

ஆய்வகக் கண்

அதுவும் அணுவின் வயதை நம்பியிருக்கும் பரிசோதனைதான். ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டுவதற்கு நாள் பிடிக்கும். உங்கள் அணுக்கள் சராசரியைவிடக் குறைந்த நாள் வாழ்ந்தால் ஒட்டுவதும் குறையும், எண் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். வெறும் வயிற்றில் ஒருமுறையும் உணவுக்குப் பின் ஒருமுறையும் குளுக்கோஸைப் பார்த்துவிட்டு அந்த எண்களோடு வாருங்கள்.